கணினிக் கேள்வி–பதில்: பெட்டகத்துக் காகிதங்களுக்கு ஓர் எக்செல் பட்டியல்

(இப்பகுதியில் கட்டளைகள் அனைத்தும் தமிழ் ஒலியில் அச்சிடப்படுகின்றன. கணினியில் அவற்றை ஆங்கில எழுத்துகளிலேயே, இங்கே காட்டியுள்ள இடைவெளிகளையும் குறிகளையும் மாற்றாமல் தட்டச்சிட வேண்டும்.)

கேள்வி: எங்கள் ஐயா காலத்து வீட்டின் இரண்டாங்கட்டு அறையில் இருந்த பேரேடுகள், இசைகுடிமானங்கள் (திருமண ஒப்பந்த எழுத்துகள்), மொய்ப்பண எழுத்துகள், பர்மாவிலிருந்தும் மலாயாவிலிருந்தும் வந்த கடிதக் கட்டுகள் ஆகியவற்றை ஓராண்டாக ஸ்கேன் செய்து வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் சேர்த்திருக்கிறோம். ஏறத்தாழ 300 கோப்புறைகளும் 18,000 கோப்புகளும் இருக்கும். பங்காளிகள் ஏழு புள்ளிகளும் (குடும்பங்களும்) “என்னென்ன இருக்கிறது என்று முதலில் ஒரு பட்டியல் அனுப்புங்கள்” என்கிறார்கள். என் மகன் ஏதோ ஒரு கட்டளை கொடுத்துப் பட்டியல் எடுத்துத் தந்தான். அதை எக்செல்லில் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாக நிற்கின்றன. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, கானாடுகாத்தான்

பதில்: தங்கள் மகன் போன வழி தவறானது அன்று, பாதி வழியில் நின்றுவிட்டார், அவ்வளவுதான். அவர் பயன்படுத்தியது பெரும்பாலும் விண்டோஸின் பழைய கட்டளைச் சாளரமாகவும் (கமாண்ட் பிராம்ப்ட்), அதில் கொடுத்த கட்டளை பின்வருவதாகவும் இருக்க வேண்டும்:

டிர் /எஸ் /பி > டி:\லிஸ்ட்.டிஎக்ஸ்டி

‘டிர்’ என்பது கோப்புறையில் உள்ளவற்றைக் காட்டு என்னும் ஆணை. ‘/எஸ்’ என்று சேர்த்தால் உள்ளே உள்ள கோப்புறைகளுக்குள்ளும் அது இறங்கிச் செல்லும். ‘/பி’ என்று சேர்த்தால் தலைப்பு, கூட்டுத்தொகை போன்றவை இல்லாமல் ஒரு வரிக்கு ஒரு பெயராக எழுதும். ‘>’ குறி, திரையில் வர வேண்டியதை அதன் வலப்பக்கம் பெயர் சொல்லப்பட்ட கோப்புக்குத் திருப்பிவிடும். இவ்வளவும் சரியாகவே நடந்திருக்கிறது. ஆனால் இச்சாளரம் கோப்பில் எழுதும்போது, தமிழுக்கு இடமே இல்லாத பழைய எழுத்துக்குறி அட்டவணை ஒன்றைத்தான் இயல்பாகப் பயன்படுத்துகிறது. அதில் இல்லாத ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறியை வைத்துவிடுகிறது. ‘பெட்டகம்’ என்ற சொல்லில் நாம் ஐந்து எழுத்துகளை எண்ணுகிறோம். கணினியோ ஒற்றைக்கொம்பையும் புள்ளிகளையும் தனித்தனிக் குறிகளாகக் கொள்வதால் எட்டு எண்ணுகிறது. தங்கள் பட்டியலில் ‘பெட்டகம்’ என்ற கோப்புறை இருந்தால், அந்த இடத்தில் சரியாக எட்டுக் கேள்விக்குறிகள் நிற்பதைக் காணலாம். எந்தக் குறிக்குப் பதிலாக எது வந்தது என்பதற்கு அந்தக் கோப்பில் தடயமே இராது. ஆகவே அதைத் திருத்த முயல வேண்டாம், பட்டியலைப் புதிதாக எடுப்பதே வழி. ஹார்ட் டிஸ்கில் உள்ள மூலப் பெயர்களுக்கு எந்தத் தீங்கும் நேர்ந்திருக்காது.

அதே சாளரத்தில், முதலில் ‘சிஎச்சிபி 65001’ என்று கொடுத்து என்டர் விசையை அழுத்திய பிறகு மேற்கண்ட கட்டளையைக் கொடுத்தால், பட்டியல் யூனிகோடில் எழுதப்படும். அப்போதும் அந்தக் கோப்பை இருமுறை சொடுக்கித் திறக்காமல், எக்செல்லின் ‘டேட்டா’ தாவலில் உரைக்கோப்பிலிருந்து கொண்டுவரும் வழியில் சென்று, கோப்பின் மூலம் (‘ஃபைல் ஆரிஜின்’) என்ற இடத்தில் ‘65001 யூனிகோட்’ என்று தேர்ந்தெடுத்தால்தான் தமிழ் தமிழாக வரும்.

ஆனால் தங்கள் தேவைக்கு நான் இந்த வழியைப் பரிந்துரைக்கமாட்டேன். இதில் கிடைப்பது முழுப் பாதைப் பெயர் மட்டுமே. அளவும் தேதியும் வாரா. ‘/பி’ என்பதை நீக்கினால் அவையும் வரும் என்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு கோப்புறைக்கும் ஒரு தலைப்பு, ஒரு கூட்டுத்தொகை, நடுவே வெற்று வரிகள் என்று வந்து, எக்செல்லில் அது பட்டியலாக இல்லாமல் கதம்பமாக இருக்கும். அப்படிப்பட்ட ஒன்றை வரி வரியாகச் சுத்தம் செய்து இரண்டு மாலைப் பொழுதுகளை நான் ஒருமுறை தொலைத்திருக்கிறேன்.

விண்டோஸ் 10, 11 ஆகிய இரண்டிலும் உடன்வரும் பவர்ஷெல் என்னும் புதிய கட்டளைச் சாளரம்தான் இதற்கு ஏற்றது. ஸ்கேன் செய்தவை உள்ள தலைக்கோப்புறையைத் திறந்து, மேலே உள்ள முகவரிப் பட்டையில் சொடுக்கி, அங்கிருப்பதை அழித்துவிட்டு ‘பவர்ஷெல்’ என்று தட்டச்சிட்டு என்டர் கொடுத்தால், அந்தக் கோப்புறையிலேயே நிற்கும் சாளரம் திறக்கும். அதில் ஒரே வரியாக இதைக் கொடுங்கள்:

டிர் -எஸ் -ஏஎஃப் | செலக்ட் டைரக்டரிநேம், நேம், எக்ஸ்டென்ஷன், லெங்த், லாஸ்ட்ரைட்டைம் | எக்ஸ்போர்ட்-சிஎஸ்வி டி:\ஃபைல்ஸ்.சிஎஸ்வி -என்டிஐ -என்கோடிங் யுடிஎஃப்8

பழைய சாளரத்தில் சாய்கோடு இருந்த இடத்தில் இங்கே சிறு கோடு வருவதைக் கவனிக்கவும். ‘-எஸ்’ உள்ளிறங்கச் சொல்கிறது. ‘-ஏஎஃப்’ கோப்புகளை மட்டும் எடுக்கச் சொல்கிறது. நெட்டுக்கோடு, இடப்பக்கம் கிடைத்ததை வலப்பக்கத்தின் கையில் கொடுக்கும். ‘செலக்ட்’ என்பதற்குப் பின்னால் வருபவை தங்களுக்கு வேண்டிய பத்திகளின் (நெடுவரிசைகளின்) பெயர்கள்: கோப்புறையின் பாதை, கோப்பின் பெயர், வகை, பைட் கணக்கில் அளவு, கடைசியாக எழுதப்பட்ட தேதி. ‘-என்டிஐ’ என்பதை விட்டுவிட்டால் பட்டியலின் தலையில் தேவையற்ற ஒரு வரி வந்து உட்காரும். இறுதியில் உள்ள ‘யுடிஎஃப்8’ என்னும் யூனிகோட் வடிவம்தான் தங்கள் கேள்விக்கு நேரான மருந்து, அதை விட்டுவிட்டால், விண்டோஸுடன் வரும் பவர்ஷெல் 5.1 மறுபடியும் கேள்விக்குறிகளையே தரும். அதைச் சேர்த்துவிட்டால் எக்செல்லுக்குத் தேவையான அடையாளக் குறியையும் கோப்பின் தொடக்கத்தில் அதுவே வைத்துவிடுவதால், இருமுறை சொடுக்கித் திறந்தாலும் தமிழ் சரியாக வரும். தனியாக நிறுவிக்கொள்ளும் பவர்ஷெல் 7 ஆக இருந்தால் மட்டும் ‘யுடிஎஃப்8பிஓஎம்’ என்று எழுத வேண்டும். பவர்ஷெல்லின் கறுப்பு அல்லது நீலத் திரையில் தமிழ் எழுத்துகள் கட்டங்கட்டமாகத் தெரிந்தால் கலங்க வேண்டாம். அது அத்திரையின் எழுத்துருக் குறை, கோப்பில் எழுதப்படுவதை அது பாதிக்காது.

பத்திப் பெயர்களில் ஒரு கண்ணி இருக்கிறது. ‘லாஸ்ட்ரைட்டைம்’ என்பதில் நடுவே வரும் ‘ரைட்’ எழுதுதலைக் குறிப்பது, வலப்பக்கத்தைக் குறிப்பது அன்று. மூன்று சொற்களையும் இடைவெளியின்றி எழுத வேண்டும். இதில் எழுத்துப்பிழை நேர்ந்தால் பவர்ஷெல் பிழை என்று சொல்லாது. பணிவோடு அந்தத் தவறான பெயரிலேயே ஒரு பத்தியை உண்டாக்கி, அதன் கீழ் எதுவுமே எழுதாமல் விட்டுவிடும். தலைப்பு இருந்து கீழே வெறுமையாக இருந்தால், முதலில் எழுத்துக்கூட்டலைப் பாருங்கள்.

பட்டியல் எழுதப்படும் இடம், பட்டியலிடப்படும் கோப்புறைக்கு வெளியே இருக்கட்டும் என்பதற்காகவே மேலே ‘டி’ இயக்ககத்தைக் காட்டினேன். உள்ளேயே எழுதினால், பட்டியல் தன்னையும் ஓர் ஆவணமாகப் பாவித்துப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். ஒருமுறை எடுத்த பட்டியல் எக்செல்லில் திறந்திருக்கும்போது அதே பெயரில் மறுபடி எடுக்க முயன்றாலும் கட்டளை தோற்கும், மூடிவிட்டுக் கொடுக்கவும்.

இனி, தங்கள் கடிதத்தில் கேட்கப்படாத, ஆனால் தங்களுக்கு மிகவும் தேவைப்படும் ஒன்று. மேற்கண்ட கட்டளை கோப்புகளைத்தான் எழுதும். ஒன்றுமில்லாத கோப்புறை இதில் தலைகாட்டாது. ஆனால் ஏழு புள்ளிகளுக்குப் பொதுவான ஆவணங்களில், ஸ்கேன் செய்ய எண்ணிப் பெயரிட்டு வைத்து, பிறகு மறந்துபோன கட்டுகள் எவை என்பதுதான் நாளை எழக்கூடிய முதல் கேள்வி. பெண்ணுக்கு வைக்கும் சாமான்களைக் கரண்டி முதற்கொண்டு எழுதி வைக்கும் ஊர் நம்முடையது. எழுதப்படாத சாமானைப் பற்றிய பேச்சு எத்தனை ஆண்டுகள் நீளும் என்பதை நான் சொல்லித் தாங்கள் அறிய வேண்டியதில்லை. ஆகவே கோப்புறைகளுக்கென்று இரண்டாவது பட்டியல் ஒன்றும் எடுங்கள்:

டிர் -எஸ் -ஏடி | செலக்ட் ஃபுல்நேம் | எக்ஸ்போர்ட்-சிஎஸ்வி டி:\ஃபோல்டர்ஸ்.சிஎஸ்வி -என்டிஐ -என்கோடிங் யுடிஎஃப்8

இரண்டையும் ஒரே எக்செல் புத்தகத்தில் இரண்டு தாள்களாக வைத்துக்கொண்டு, கோப்புறைத் தாளில் ஒவ்வொரு பெயருக்கும் அருகே ‘கவுண்ட்இஃப்’ சூத்திரத்தைப் போட்டு, அப்பெயர் கோப்புத் தாளின் முதல் பத்தியில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். 214 என்று வந்தால் அந்தப் பேரேட்டில் 214 படங்கள் இருக்கின்றன என்று பொருள். 0 என்று வந்தால் ஒன்று அது வெறும் கோப்புறையாக இருக்க வேண்டும், அல்லது வேறு கோப்புறைகளை மட்டும் தன்னுள் கொண்டதாக இருக்க வேண்டும். அந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்த்துப் பிரித்துவிடலாம். பேரேட்டின் பக்கங்களை எண்ணி அருகே எழுதிவிட்டால், விடுபட்ட பக்கங்களும் அப்போதே பிடிபடும்.

பாதை முழுவதும் ஒரே பத்தியில் நீளமாக இருப்பது படிக்கத் தோதாக இராது. அப்பத்தியைத் தேர்ந்தெடுத்து, ‘டேட்டா’ தாவலில் உள்ள ‘டெக்ஸ்ட் டு காலம்ஸ்’ வழியே பின்சாய்கோட்டைப் பிரிகுறியாகக் கொடுத்தால், அறை, பெட்டகம், கட்டு என்று தாங்கள் வைத்திருக்கும் அடுக்கு தனித்தனிப் பத்திகளாகப் பிரிந்து நிற்கும். பிரிந்த பத்திகள் வலப்பக்கம் உள்ளவற்றின் மேல் எழுதப்படும் என்பதால், முதலில் பாதைப் பத்தியை நகலெடுத்துத் தாளின் வலது ஓரத்தில் வைத்துக்கொண்டு, அந்த நகலைப் பிரியுங்கள். புள்ளியைப் பிரிகுறியாகக் கொடுத்துக் கோப்பின் வகையைப் பிரிக்க மட்டும் முயல வேண்டாம். விலாசத்தோடு (முன்னெழுத்துகளோடு) பெயரிடும் நம் வழக்கத்தில் ஒரு பெயரிலேயே நாலைந்து புள்ளிகள் இருக்குமாதலால், முன்னெழுத்துகள் நாலைந்து பத்திகளில் சிதறிப்போகும். கடைசிப் புள்ளிக்குப் பின்னால் உள்ளதை மட்டும் வகையாகக் கொள்ளும் ‘எக்ஸ்டென்ஷன்’ பத்தியை அதற்காகவே கட்டளையில் சேர்த்தேன்.

தாங்கள் பேரேடுகளுக்குத் தமிழ் ஆண்டின் பெயரையே கோப்புறைப் பெயராக வைத்திருக்கக்கூடும் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் பட்டியல் எடுக்கும் முன் அவற்றின் தலையில் ஆங்கில ஆண்டைச் சேர்ப்பது நல்லது. எக்செல் அகரவரிசையைத்தான் அறியும். அறுபதாவது ஆண்டாகிய அட்சயவை முன்னே வைத்து, முதல் ஆண்டாகிய பிரபவவை வெகு தூரம் கீழே தள்ளும். துந்துபி என்றால் 1922இல் தொடங்கியதா, 1982இல் தொடங்கியதா என்பதும் அதற்குத் தெரியாது. இன்னொரு தலைமுறை சென்றால் வீட்டாருக்கும் தெரியாமல் போகலாம். ‘1922 துந்துபி’ என்று எழுதிவிட்டால் வரிசை தானாக அமையும்.

‘லாஸ்ட்ரைட்டைம்’ பத்தியில் வரும் தேதி ஆவணத்தின் தேதியும் அன்று, ஸ்கேன் செய்த தேதியாகவும் இருக்க வேண்டியதில்லை என்பதைப் பங்காளிகளுக்கு ஒரு வரியில் எழுதிவிடுங்கள். பக்கம் சாய்ந்திருக்கிறது என்று யாரேனும் படத்தைத் திருப்பிச் சேமித்திருந்தால் அந்த நாள்தான் அங்கே நிற்கும். பட்டியலை அனுப்புவதற்கு முன் எக்செல் புத்தகமாகவே சேமித்து அனுப்புங்கள், சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட வெறும் உரைக்கோப்பு) வடிவில் அனுப்ப வேண்டாம். சிஎஸ்வியில் தேதி வெறும் எழுத்தாகவே இருக்கிறது. மாதத்தை முன்னே எழுதும் அமைப்புள்ள கணினியில் அதைத் திறந்தால், 5ஆம் தேதி ஏழாம் மாதம் என்பது 7ஆம் தேதி ஐந்தாம் மாதம் ஆகிவிடும். 12க்கு மேற்பட்ட தேதிகள் மாறாமல் நிற்கும். பாதி மாறி, பாதி மாறாமல் இருக்கும் பட்டியலைப் போல் ஏமாற்றுவது வேறொன்றில்லை.

கட்டளை ஓடும்போது இடையில் சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி ஏதேனும் வந்தால் அதைப் படித்துப் பாருங்கள். விண்டோஸில் ஒரு பாதை இயல்பாக 260 குறிகளுக்குள் இருக்க வேண்டும். முன்பு சொன்னபடி தமிழில் அந்த எண்ணிக்கை கண்ணுக்குத் தெரிவதைவிட வேகமாக ஏறும். ‘அப்பச்சி எழுதிய கடிதங்கள் இரண்டாம் கட்டு’ என்பதைப் போன்ற நீண்ட பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு அடுக்கு வந்தால், எல்லையை நெருங்கிவிடுவோம். சிவப்பில் சொல்லப்பட்ட கோப்புறை பட்டியலில் விடுபட்டிருக்கும். மேலடுக்கில் உள்ள பெயரைச் சுருக்கிவிட்டு மறுபடி எடுக்கவும். 18,000 வரிகள் எக்செல்லுக்கு ஒரு பொருட்டே அன்று. அதன் தாள் 10,48,576 வரிகளைத் தாங்கும்.

இந்தப் பட்டியல் பங்காளிகளோடு நிற்க வேண்டியதும் இல்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்து வைத்திருந்த நூல்களையும் இதழ்களையும் அடிப்படையாகக் கொண்டு சென்னையில் 1994இல் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது தாங்கள் அறிந்ததே. அத்தகைய இடங்களில் தங்கள் காகிதங்களைப் பற்றிப் பேசப் போனாலும், கையில் முதலில் இருக்க வேண்டியது இதுதான்.

கேள்வி: ஊர்ப் பொது வேலை ஒன்றுக்காக வீடுகளின் கதவு எண்களைப் பெயராகக் கொண்ட கோப்புறைகளை வைத்திருக்கிறேன். கட்டளை மூலம் எக்செல்லுக்குக் கொண்டுவந்தபோது ‘7-4’ என்ற வீடு ‘7-ஏப்ரல்’ ஆகிவிட்டது. ‘012’ என்பது 12 ஆகிவிட்டது. கட்டளையில் தவறா?
– ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: கட்டளையில் தவறு இல்லை, சிஎஸ்வி கோப்பை நோட்பேடில் திறந்து பார்த்தால் ‘7-4’ அப்படியே இருக்கும். தேதியைப் போலவோ எண்ணைப் போலவோ தோன்றும் எதையும் தன் விருப்பப்படி மாற்றிக்கொள்வது எக்செல்லின் நெடுநாள் பழக்கம். அப்படி மாறிய எக்செல் கட்டத்தை ‘டெக்ஸ்ட்’ வடிவத்திற்கு மாற்றினால் கதவு எண் திரும்பி வராது. எக்செல் தன்னுள்ளே தேதிக்கு வைத்திருக்கும் ஐந்திலக்க எண் ஒன்றுதான் வரும். ஆகவே சேமிக்காமல் மூடிவிடுங்கள். பிறகு வெற்றுப் புத்தகம் ஒன்றைத் திறந்து, ‘டேட்டா’ தாவல் வழியாகச் சிஎஸ்வியைக் கொண்டுவரும்போது, அந்தப் பத்தியின் வகை ‘டெக்ஸ்ட்’ என்று தாங்களே சொல்லிவிடுங்கள். முந்தைய பதிலில் சொன்ன ‘டெக்ஸ்ட் டு காலம்ஸ்’ முறையில் பாதையைப் பிரிக்கும்போதும் இதே தொல்லை வரும். அங்கே மூன்றாவது படியில் பத்தியின் வகையைக் கேட்பார்கள், பலரும் அதைப் பார்க்காமலே முடித்துவிடுகிறோம்.

கேள்வி: நான் சிங்கப்பூரில் மேக் கணினி வைத்திருக்கிறேன். காரைக்குடியிலிருந்து வந்த ஹார்ட் டிஸ்கில் உள்ளதை இதே போல் பட்டியலிட முடியுமா?
– ஒரு வாசகர், சிங்கப்பூர்

பதில்: முடியும். ‘டெர்மினல்’ செயலியைத் திறந்து, ‘சிடி’ என்று எழுதி ஓர் இடைவெளி விட்டு, கோப்புறையை இழுத்து அந்தச் சாளரத்தில் விட்டால் பாதை தானாக எழுதப்படும், என்டர் கொடுங்கள். பிறகு:

ஃபைண்ட் . -டைப் எஃப் > ~/டெஸ்க்டாப்/லிஸ்ட்.டிஎக்ஸ்டி

நடுவே தனித்து நிற்கும் புள்ளி ‘இப்போது நிற்கும் இடத்திலிருந்து’ என்று பொருள்படும். அச்சுப்பிழை என்று எண்ணி விட்டுவிட வேண்டாம். மேக்கில் தமிழ் கேள்விக்குறியாகாது. எக்செல்லில் கொண்டுவரும்போது மூலம் யூனிகோட் யுடிஎஃப்8 என்று தேர்ந்தெடுத்து, முன்சாய்கோட்டைப் பிரிகுறியாகக் கொடுங்கள். ‘டிஎஸ்_ஸ்டோர்’ என்று புள்ளியில் தொடங்கும் பெயர்கள் ஆங்காங்கே வரும். அவை மேக் தன் வசதிக்காக வைத்துக்கொள்பவை, வடிகட்டி நீக்கிவிடலாம்.

கேள்வி: எக்செல் பட்டியலில் பெயரைச் சொடுக்கினால் அந்தப் படமே திறக்குமாறு செய்ய முடியுமா? ஒருமுறை செய்து பார்த்தேன். என் கணினியில் திறந்தது, அண்ணன் வீட்டுக் கணினியில் திறக்கவில்லை.
– ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: தங்கள் கணினி அந்த ஹார்ட் டிஸ்குக்கு ‘இ’ என்று பெயர் வைத்திருக்கும், அண்ணன் வீட்டுக் கணினி ‘எஃப்’ என்று வைத்திருக்கும். பட்டியலில் உள்ள முழுப் பாதை ‘இ’யில் தொடங்குவதால் அங்கே அது யாருமில்லாத வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது. எக்செல் புத்தகத்தை ஹார்ட் டிஸ்கிலேயே, தலைக்கோப்புறைக்குள் வைத்துவிடுங்கள். பிறகு பாதைப் பத்தியில் ‘ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்’ வழியே, இயக்ககத்தின் எழுத்திலிருந்து தலைக்கோப்புறையின் பெயருக்கு அடுத்த பின்சாய்கோடு வரை உள்ள பகுதியைத் தேடச் சொல்லி, மாற்று என்ற இடத்தை வெறுமையாக விட்டு அனைத்தையும் நீக்குங்கள். மிஞ்சும் குறும்பாதையோடு பின்சாய்கோட்டையும் கோப்பின் பெயரையும் சேர்த்து ‘ஹைப்பர்லிங்க்’ சூத்திரத்தில் கொடுத்தால், புத்தகம் இருக்கும் இடத்திலிருந்தே எக்செல் தேடத் தொடங்கும். இயக்ககத்தின் எழுத்து எதுவாயினும் படம் திறக்கும். இச்சூத்திரம் 255 குறிகளுக்கு மேல் உள்ள பாதையை ஏற்காது. அடுத்த முறை பட்டியல் எடுக்கும்போது இந்த எக்செல் புத்தகத்தின் பெயரும் அதில் ஒரு வரியாக வரும். அந்த வரியை மட்டும் நீக்கிவிடுங்கள்.